நைட்டிங்கேல்: சொந்த மருத்துவமனையையே காட்டிக்கொடுத்த அட்டவணை

மே 12 வந்தால் போதும், நர்சிங் கல்லூரி மாணவிகள் வரிசையாக நின்று கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கும் படங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் நிறைந்துவிடும். கைவிளக்கேந்திய காரிகை என்று தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள் அது. விளக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனா, அதே கையில் அவர் பல ஆண்டுகள் பிடித்திருந்த இன்னொரு பொருளைப் பற்றி பெரிதாக யாரும் பேசுவதில்லை. கோடு போட்ட காகிதம், அதில் கட்டம் கட்டமாக எண்கள்.

பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் புள்ளியியல் என்று ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கா? ஐம்பது மாணவர்களின் மதிப்பெண்களைக் கொடுத்துவிட்டு, 0-10, 10-20 என்று பிரித்து, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணச் சொல்வார்கள். நிகழ்வெண் பரவல் அட்டவணை. ஐந்து மதிப்பெண்ணுக்காக மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மறந்துபோன சமாச்சாரம். நைட்டிங்கேல் போட்டதும் கிட்டத்தட்ட அதே வகை அட்டவணைதான். மதிப்பெண்களுக்குப் பதிலாக அவர் எண்ணியது இறந்துபோன சிப்பாய்களை.

யார் இவர்?

வசதியான ஆங்கிலேயக் குடும்பம். பெற்றோர் ஐரோப்பாவில் நீண்ட பயணத்தில் இருந்தபோது, 1820 மே 12 அன்று இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர்ப் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். அக்காவுக்கும் அதே கதைதான்: நேப்பிள்ஸில் பிறந்ததால் அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தெனோபி. ஒரு வகையில் ஃப்ளோரன்ஸ் தப்பித்தார்.

பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். அப்பா வில்லியம் நைட்டிங்கேல் வீட்டிலேயே மகள்களுக்கு லத்தீன், கிரேக்கம், வரலாறு, தத்துவம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஃப்ளோரன்ஸ் கேட்டது கணக்கு. கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்குக் கணக்கு எதுக்கு என்பது அம்மாவின் கட்சி. பெரிய இழுபறிக்குப் பிறகு, அத்தை ஒருவர் பரிந்து பேசித்தான் ஆசிரியர் வைக்க அனுமதி கிடைத்தது.

செவிலியர் ஆக வேண்டும் என்று சொன்னபோது வீடே அதிர்ந்தது. அன்றைக்கு அந்த வேலைக்கு இருந்த மரியாதை அப்படி. வந்த வரன்களைத் தட்டிக்கழித்தார். வீட்டார் எழுவதற்கு முன்பு, விடியற்காலையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அரசாங்கத்தின் சுகாதார அறிக்கைகளையும் மருத்துவமனை அறிக்கைகளையும் படித்துக் குறிப்பெடுத்தார். இருபதுகளில் இருக்கும் ஒரு பணக்காரப் பெண் ரகசியமாகப் படித்தது நாவல் இல்லை, அரசு அறிக்கை! 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி எடுத்தார். 1853இல் லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய மருத்துவமனையின் பொறுப்பாளர் ஆனார்.

அடுத்த ஆண்டே போர் வந்தது.

ஸ்குட்டாரியில் என்ன நடந்தது?

ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி ஆகியவை சேர்ந்து நடத்திய கிரிமியப் போர். காயம்பட்ட, நோயுற்ற பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, கருங்கடலைத் தாண்டி ஸ்குட்டாரிக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைய இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதி அது. துருக்கியர்கள் கொடுத்த ஒரு பிரம்மாண்டமான ராணுவக் குடியிருப்புதான் மருத்துவமனை. அங்கே நிலைமை மோசம் என்று பத்திரிகைகள் எழுத, போர் விவகார அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் தன் குடும்ப நண்பரான நைட்டிங்கேலிடம் உதவி கேட்டார். 38 செவிலியர்களோடு 1854 நவம்பர் 4 அன்று நைட்டிங்கேல் அங்கே போய் இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது பெரும்பாலானோருக்குத் தெரிந்த கதை. கட்டில் இல்லை, துணி இல்லை, சோப்பு இல்லை, சாப்பாடு சரியில்லை. சமையலறையைச் சீர்செய்தார், துணி துவைக்க ஏற்பாடு செய்தார், சொந்தப் பணத்தையும் நன்கொடையையும் போட்டுப் பொருள் வாங்கினார். இரவில் விளக்கோடு வார்டுகளில் நடந்தார். லண்டன் பத்திரிகைகளில் அந்தச் சித்திரம் வெளிவர, அவர் ஊருக்கே தெய்வம் ஆகிவிட்டார்.

ஆனா, அந்தக் குளிர்காலம் முழுக்க சாவு குறையவே இல்லை. 1855 பிப்ரவரியில் ஸ்குட்டாரியில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் இறந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. மருத்துவர் ஜான் சதர்லேண்டும் பொறியாளர் ராபர்ட் ராலின்சனும் அதன் முக்கிய உறுப்பினர்கள். அவர்கள் தரைக்கடியில் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய கட்டடம் அடைத்துக்கொண்ட சாக்கடைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. கழிவுநீர்க் குழாய்களின் நாற்றம் அப்படியே வார்டுக்குள் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் வரும் பாதையில் செத்த குதிரை கிடந்தது. சாக்கடையைக் கழுவினார்கள், குப்பையை அள்ளினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள். ஜூன் மாதத்தில் அந்த 42 என்ற எண் இரண்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது.

அப்போது நைட்டிங்கேல் இதை எப்படிப் புரிந்துகொண்டார்? சாவுகளுக்குக் காரணம் பட்டினி, போர்முனைக் குளிர், பொருட்கள் வந்து சேராதது, நோய் முற்றிய பிறகே சிப்பாய்களை ஸ்குட்டாரிக்கு அனுப்பியது என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். போர் முடிந்து 1856இல் ஊர் திரும்பியபோதும் அந்த எண்ணம் பெரிதாக மாறவில்லை.

மூணு பதிவேடு, மூணு கணக்கு

ஊர் திரும்பியவர் வரவேற்பு விழாக்களைத் தவிர்த்துவிட்டு நேராகக் கணக்கில் உட்கார்ந்தார். செப்டம்பரில் பால்மோரலில் விக்டோரியா மகாராணியைச் சந்தித்து, ராணுவச் சுகாதாரம் பற்றி விசாரிக்க ஓர் ஆணையம் வேண்டும் என்று கேட்டார். ஆணையத்துக்கு ஆதாரம் வேண்டுமே. ஆதாரம் காகிதக் குவியலுக்குள் கிடந்தது.

பாடப்புத்தகத்தில் செப்பனிடப்படாத தரவு என்று சொல்வார்கள். கேட்கும்போது சாதாரணமாக இருக்கும். நிஜத்தில் அது எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்குட்டாரியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. அங்கே சாவைப் பதிவு செய்ய மூன்று தனித்தனிப் பதிவேடுகள். அடக்கம் செய்யப்பட்டவர்களை ராணுவ அதிகாரி தினமும் எழுதும் பட்டியல் ஒன்று. மருத்துவ அதிகாரிகள் அனுப்பும் கணக்கு ஒன்று. ராணுவ அலுவலக அறையில் எழுதப்படும் கணக்கு மூன்றாவது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே இல்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எளிய கேள்விக்கே மூன்று பதில்! மருத்துவக் கணக்கில் பெயரே இல்லாமல் குழிக்குள் போனவர்களும் இருந்தார்கள்.

இது முதல் சிக்கல். எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டும் யாருக்கும் இன்றைக்கும் புரியும்: உள்ளே போகும் தரவு குழப்பமாக இருந்தால், அட்டவணை எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இந்த நேரத்தில்தான் வில்லியம் ஃபார் வருகிறார். பிறப்பு, இறப்புப் பதிவுகளை நாடு முழுக்கத் தொகுக்கும் பதிவாளர் அலுவலகத்தின் புள்ளியியல் நிபுணர். சாவுக்கான காரணங்களை வகைபிரிப்பதில் அன்றைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. 1856 இலையுதிர்காலத்தில் ஒரு விருந்தில் இருவரும் சந்தித்தார்கள். அங்கே தொடங்கிய கூட்டணி ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

எந்தப் பெட்டியில் யாரைப் போடுவது?

குவியலை அட்டவணை ஆக்குவது என்றால் முதலில் பெட்டிகளை முடிவு செய்ய வேண்டும். பெட்டி என்பது இங்கே வகை. ஒவ்வொரு பதிவும் ஏதோ ஒரு பெட்டியில் விழ வேண்டும், ஒரே ஒரு பெட்டியில்தான் விழ வேண்டும். கேட்க சுலபம். ஒரு சிப்பாய் தோளில் குண்டுக் காயத்தோடு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். காயம் ஆறிக்கொண்டிருக்கும்போது காலரா வந்து இறந்துபோகிறான். அவன் காயத்தால் செத்தவனா, நோயால் செத்தவனா? ஒரு மருத்துவர் சீதபேதி என்று எழுதுவதை, பக்கத்து வார்டு மருத்துவர் வயிற்றுப்போக்கு என்று எழுதுகிறார். இரண்டும் ஒரே பெட்டியா, வேறு வேறா? எண்ணத் தொடங்குவதற்கு முன்னாலேயே முடிவாக வேண்டிய கேள்விகள் இவை.

கடைசியில் அந்தப் பெரும் அட்டவணையில் நின்றது மூன்றே வகை. முதலாவது, காலரா, சீதபேதி, டைஃபஸ் போன்ற பரவும் நோய்கள். மாவு புளிப்பதைப் போல உடம்புக்குள் ஏதோ நொதித்து இவை வருகின்றன என்று நினைத்து ஃபார் இவற்றுக்கு ஒரு கூட்டுப் பெயர் வைத்திருந்தார். சுத்தம் இருந்தால் தடுத்திருக்கக்கூடியவை என்பது இந்தப் பிரிவின் உட்பொருள். இரண்டாவது, போர்க்காயங்கள். மூன்றாவது, மற்ற எல்லாம்.

கிருமிகளைப் பற்றி அன்றைக்கு இருவருக்குமே தெரியாது. கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று நைட்டிங்கேல் நம்பினார். காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும், வகைபிரித்தது சரியாக இருந்தது.

அடுத்த முடிவு, காலத்தை எப்படி வெட்டுவது? போர் முழுவதற்கும் ஒரே கூட்டுத்தொகை போட்டிருக்கலாம். ஆண்டுவாரியாகவும் போட்டிருக்கலாம். அவர்கள் மாதம் மாதமாகப் போட்டார்கள். 1854 ஏப்ரல் முதல் 1856 மார்ச் வரை, 24 வரிசைகள்.

அந்த வரிசைகளில் ஒன்றைப் பார்க்கலாம். 1855 ஜனவரி. நோயால் 2,761 பேர். காயத்தால் 83 பேர். மற்ற காரணங்களால் 324 பேர். ஆக மொத்தம் அந்த ஒரு மாதத்தில் 3,168 சாவு. அதில் நூற்றுக்கு 87 பேரைக் கொன்றது நோய். எதிரியின் குண்டுக்குப் பலியானவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

மீதி வரிசைகளும் ஏறக்குறைய இதே பாட்டுதான். 24 மாதங்களில் காயத்தால் இறந்தவர்களின் எண்ணிக்கை நோயை முந்தியது ஒரே ஒரு மாதத்தில், செவஸ்டோபோல் கோட்டை மீது கடைசித் தாக்குதல் நடந்த 1855 செப்டம்பரில். காயம் 276, நோய் 189. இரண்டு ஆண்டுக் கூட்டுத்தொகையில் நோய்ச் சாவு 14,000ஐத் தாண்டுகிறது. காயச் சாவு 1,800ஐக்கூடத் தொடவில்லை.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிகழ்வெண் என்பது வெறும் எண்ணிக்கை. 1854 நவம்பரில் நோய்க்குப் பலியானவர்கள் 844. 1855 ஜூனில் 802. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரியும். ஆனா நவம்பரில் அங்கே இருந்த படை 29,736 பேர். ஜூனில் அது 38,863. ஆயிரம் பேருக்கு எத்தனை என்று கணக்குப் போட்டால், நவம்பரில் 28, ஜூனில் 21. அதனால்தான் அட்டவணையில் ஒவ்வொரு மாதத்துக்கும் சராசரிப் படைபலம் என்று ஒரு நிரல் சேர்க்கப்பட்டது. அதிலிருந்து விகிதம் கணக்கிடப்பட்டது.

அந்த மாதம் போலவே ஓர் ஆண்டு முழுக்க நடந்தால் ஆயிரத்துக்கு எத்தனை பேர் சாவார்கள் என்பதுதான் அந்த விகிதம். 1855 ஜனவரிக்கு வந்த விடை 1022.8. ஆயிரம் பேருக்கு ஆயிரத்துக்கும் மேல்! தப்பான கணக்கு இல்லை இது. அந்த வேகத்தில் போனால், ஓர் ஆண்டு முடிவதற்குள் நோய் மட்டுமே மொத்தப் படையையும் துடைத்துவிட்டு, இடத்தை நிரப்ப வந்தவர்களிலும் சிலரை எடுத்துக்கொண்டு போயிருக்கும் என்று அர்த்தம்.

அட்டவணை நேர் எதிரே காட்டியது என்ன?

மாதவாரியாகப் பிரித்ததன் பலன் இப்போதுதான் தெரிந்தது. 1855 மார்ச்சுக்குப் பிறகு எண்கள் சரிகின்றன. மார்ச்சில் நோயால் 1,205. ஏப்ரலில் 477. சுகாதாரக் குழு சாக்கடையைத் திறந்த நேரம்.

குளிர்காலம் முடிந்துவிட்டது, அதனால்தான் சாவு குறைந்தது என்று யாராவது சொல்லலாமே? சொல்லலாம். அதற்கும் அட்டவணையிலேயே பதில் இருந்தது. அடுத்த குளிர்காலத்தைப் பார்த்தால் போதும். 1855 ஜனவரியில் 2,761 என்றால், 1856 ஜனவரியில் 42. படையோ முதல் ஜனவரியை விடப் பெரியது, 44,212 பேர். அதே ராணுவம், அதே குளிர். நியாயமாகச் சொன்னால் எல்லாமே அதேதான் என்று சொல்ல முடியாது. இரண்டாவது குளிர்காலத்தில் முற்றுகை முடிந்திருந்தது, உணவும் உடையும் ஒழுங்காக வந்தன. ஆனாலும் 2,761 எங்கே, 42 எங்கே?

மாதத்தோடு இடத்தையும் சேர்த்துப் பிரித்தபோது இன்னொரு விஷயம் வெளியே வந்தது. இதுதான் நைட்டிங்கேலுக்கு விழுந்த அடி. போர்முனைக்குப் பக்கத்தில் இருந்த, வசதி குறைந்த சிறு மருத்துவமனைகளை விட, பின்னால் பாதுகாப்பான இடத்தில் இருந்த ஸ்குட்டாரியில் சாவு விகிதம் மிக அதிகம். பட்டினியும் குளிரும்தான் காரணம் என்றால் போர்முனையில்தானே அதிகம் பேர் செத்திருக்க வேண்டும்? நோயாளிகளைத் தாமதமாக அனுப்பியதுதான் காரணம் என்ற விளக்கமும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தாங்கவில்லை. சாக்கடையின் மேல் நெருக்கமாகக் கட்டில் போட்டு, ஆயிரக்கணக்கானோரை ஒரே கூரையின் கீழ் அடைத்த அந்தக் கட்டடம்தான் கொன்றது.

அவர் இரவிரவாக விளக்கோடு நடந்த அதே கட்டடம்.

நேர்மையாகப் பார்த்தால் கட்டடத்தின் சுகாதாரம் நைட்டிங்கேலின் பொறுப்பில் இல்லை. அவர் செவிலியர்களின் தலைவி மட்டுமே. சாக்கடையும் காற்றோட்டமும் ராணுவ மருத்துவர்களின், அதிகாரிகளின் கையில் இருந்தன. ஆனா, அவரும் அங்கேதான் இருந்தார், அவரும் அதைப் பார்க்கவில்லை. 1857 ஆகஸ்டில் அவர் உடல்நலம் முற்றாகக் குலைந்தது. கிரிமியாவில் வந்த காய்ச்சலின் தொடர்ச்சி என்று பலர் சொல்கிறார்கள். அட்டவணை காட்டிய உண்மையைத் தாங்க முடியாத அதிர்ச்சியும் அதில் கலந்திருந்தது என்று பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள்.

அந்த எண்களை அவர் மறைத்திருக்கலாம். நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பழையபடி சப்ளை அதிகாரிகள் மீது பழியைப் போட்டுவிட்டுப் போயிருந்தாலும் ஊர் நம்பியிருக்கும். அவர் செய்தது தலைகீழ். ஸ்குட்டாரியின் சாவுக் கணக்கை, சுகாதாரக் குழு வருவதற்கு முன், வந்த பின் என்று பிரித்து, ராணுவச் சுகாதாரம் பற்றிய தன் பெரிய அறிக்கையில் போட்டார். அரசு அதை வெளியிட ஆர்வம் காட்டாதபோது 1858இல் சொந்தச் செலவில் அச்சடித்து, செல்வாக்குள்ளவர்களுக்கு அனுப்பிவைத்தார்.

இன்றைக்குப் புள்ளியியல் வகுப்புகளில் காட்டப்படும் அவருடைய வண்ண வரைபடம் இந்த அட்டவணையிலிருந்து பிறந்ததுதான். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு துண்டு, விசிறி மாதிரி விரியும். நீல நிறம் நோய், சிவப்பு காயம், கறுப்பு மற்றவை. 1854 ஏப்ரலிலிருந்து ஓராண்டுக்கு ஒரு விசிறி, அதற்கடுத்த ஓராண்டுக்கு இன்னொன்று. பிரித்த இடம் தற்செயல் இல்லை, சுகாதாரக் குழு வேலை தொடங்கிய கட்டம். எண் வரிசைகளைப் பார்த்தாலே கொட்டாவி விடும் அமைச்சர்களுக்காக அந்தக் காலத்து இன்ஃபோகிராஃபிக். புள்ளிவிவரம் என்றால் வறட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஃபாரின் கொள்கை. நைட்டிங்கேல் அந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

வயதைப் பிரித்தபோது

போர் நடந்தது வெளிநாட்டில், அதனால் செத்தார்கள் என்று ராணுவம் சமாளிக்கலாம். உள்ளூரில்? சமாதான காலத்தில் இங்கிலாந்திலேயே ராணுவக் குடியிருப்புகளில் இருந்த சிப்பாய்களின் கணக்கையும் அவர் எடுத்தார். நிகழ்வெண் அட்டவணையில் பிரிவு இடைவெளி ஏன் முக்கியம் என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைக் காட்டலாம்.

அன்றைய இங்கிலாந்தில் எல்லா வயதினரையும் சேர்த்தால், ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 22 பேர் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். ராணுவக் குடியிருப்புகளில் அது 17, 18 என்ற அளவில் இருந்தது. அப்படியே ஒப்பிட்டால் ராணுவம்தான் ஆரோக்கியமான இடம் என்று தோன்றும். ஆனா, ஊர்க்கணக்கில் பிறந்த குழந்தையும் இருக்கிறது, எண்பது வயதுக் கிழவரும் இருக்கிறார். அன்றைக்குக் குழந்தைச் சாவு மிக அதிகம். ராணுவத்தில் இருப்பதோ மருத்துவப் பரிசோதனையில் தேறிய வாலிபர்கள்.

எனவே வயதை ஐந்தைந்து ஆண்டுகளாக வெட்டினார்கள். 20-25, 25-30, 30-35, 35-40. (சரியாக 25 வயதானவர் எந்தப் பெட்டியில் என்ற சந்தேகம் வரும். மேல் எல்லையை விட்டுவிட்டு, அவரை அடுத்த பிரிவில் சேர்ப்பதுதான் இன்றைய பாடப்புத்தக வழக்கம்.) இப்போது அதே வயது ஆண்களோடு ஒப்பிட முடியும். 20-25 வயதில் ஊரில் ஆயிரத்துக்கு 8.4 பேர் இறந்தார்கள், ராணுவத்தில் 17. அடுத்த பிரிவில் 9.2, ராணுவத்தில் 18.3. அதற்கடுத்து 10.2க்கு 18.4. கடைசிப் பிரிவில் 11.6க்கு 19.3.

பொறுக்கி எடுத்த ஆரோக்கியமான இளைஞர்கள், போரே இல்லாத நேரத்தில், சாதாரண ஊர்க்காரர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு செத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைத் திடலில் நிறுத்திச் சுட்டுத் தள்ளுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்று நைட்டிங்கேல் வாதிட்டார். குடியிருப்புகளின் காற்றோட்டம், வடிகால், தண்ணீர் எல்லாவற்றையும் திருத்தும் வேலைகள் அதன்பிறகு தொடங்கின.

1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர்.

ஒரே மாதிரி ஃபாரம் வேண்டும்

ஸ்குட்டாரியின் மூன்று பதிவேடுகள் அவரை விடவே இல்லை போலிருக்கிறது. லண்டன் மருத்துவமனைகளைப் பார்த்தால் அங்கேயும் அதே கதை. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நோய்களுக்குப் பெயர் வைத்தது, தன் இஷ்டத்துக்கு எண்ணியது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடவே வழியில்லை. 1860இல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் அவருடைய திட்டம் வைக்கப்பட்டது. எல்லா மருத்துவமனைக்கும் ஒரே ஃபாரம். ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை நோயாளிகள், புதிதாகச் சேர்ந்தவர்கள், குணமாகிப் போனவர்கள், ஓரளவு தேறிப் போனவர்கள், தேறாமலே போனவர்கள், இறந்தவர்கள், ஆண்டு முடிவில் மீதி இருப்பவர்கள். நோய்ப் பட்டியலும் எல்லா இடத்திலும் ஒன்று. மாநாடு ஆதரித்தது, சில மருத்துவமனைகள் முயன்று பார்த்தன. ஆனால் ஃபாரம் நிரப்புவது பெரும் சுமை, நோய்ப் பட்டியலில் மருத்துவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. திட்டம் மெல்ல நின்றுபோனது.

1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அவர் முயன்றார். கணக்கெடுக்கும் நாளில் வீட்டில் எத்தனை பேர் நோயுற்றிருக்கிறார்கள், வீடு எப்படிப்பட்டது என்று கேட்கச் சொன்னார். அரசு மறுத்துவிட்டது.

பார்க்காத நாட்டின் கணக்கு

1859இல் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதாரம் பற்றி விசாரிக்க ஓர் ஆணையம் அமைந்தது. நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை, அப்போது அவர் பெரும்பாலும் படுக்கையில். படுத்தபடியே கேள்விப் பட்டியல் தயாரித்து, இந்தியாவின் ராணுவ நிலையங்களுக்கு அனுப்பவைத்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வடிகால் உண்டா, ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம், எத்தனை பேர் எதனால் இறந்தார்கள்? பதில்கள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்து குவிந்தன. மறுபடியும் குவியல், மறுபடியும் ஃபார், மறுபடியும் அட்டவணை.

1863இல் வந்த அறிக்கை சொன்ன எண்: ஆயிரத்துக்கு 69. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுதோறும் அவ்வளவு பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அறிக்கையின் தொடர்ச்சியாக 1864இல் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைக்கப்பட்டன. பத்தாண்டு கழித்து 1873இல் அவர் மறுபடி கணக்குப் பார்த்தபோது அது 18 ஆகியிருந்தது. இது ராணுவத்தின் கணக்கு மட்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதே காலத்தில் இந்தக் குடியிருப்புகளுக்கு வெளியே கிராமங்களில் இறந்தவர்களுக்கு அப்படியொரு ஒழுங்கான அட்டவணை இருக்கவில்லை. அந்தக் குறை அவருக்கும் தெரிந்திருந்தது. பின்னாளில் அவருடைய எழுத்து, கிராமச் சுகாதாரம், நீர்ப்பாசனம், பஞ்சம் என்று திரும்பியது. 1876-78இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தின்போது பாசன வசதிகளுக்காக அவர் விடாமல் வாதாடினார்.

கடைசி முயற்சி ஒன்றும் உண்டு. கல்லூரியில் படித்துவிட்டு அமைச்சராகிறவர்களுக்கு அட்டவணையைப் படிக்கத் தெரிவதில்லை என்பது அவருடைய நெடுநாள் ஆதங்கம். 1891இல், தன் 71ஆவது வயதில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சமூகப் பிரச்சினைகளுக்கான புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி உருவாக்க வேண்டும் என்று பிரான்சிஸ் கால்டனுடன் கடிதம் எழுதித் திட்டம் போட்டார். நடக்கவில்லை.

1907இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது பெற்ற முதல் பெண் ஆனார். அப்போது கண்பார்வை போயிருந்தது, ஞாபகமும் மங்கிவிட்டது. 1910 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் இறந்தார், வயது 90. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய முன்வந்தும் குடும்பம் மறுத்துவிட்டது. ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ கிராமத்துத் தேவாலயத்தில் குடும்பக் கல்லறை. கல்லில் அவருடைய முழுப்பெயர் கிடையாது. எஃப்.என். என்ற இரண்டு எழுத்து, பிறந்த தேதி, இறந்த தேதி. அவ்வளவுதான்.